மணியாச்சியிலிருந்து உகாண்டாவிற்கு: ஒரு பயணக் கையேடு

பயணம் மனிதனின் அறிவை விரிவாக்கும் பாடசாலை. மொராக்கோவில் பிறந்த இப்னு பதூதா 1331ஆம் ஆண்டளவில் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொம்பாசா, கில்வா நகரங்களைக் கண்டார். பின்னர் நம் மதுரைக்கும் வந்தார். அங்குக் கொள்ளைநோய் பரவியிருந்ததையும், தாமே கடுங்காய்ச்சலில் வீழ்ந்து புளிக்கரைசல் அருந்தி நலம் பெற்றதையும் தம் பயண நூலில் குறித்துள்ளார். அப்பெரும் பயணிக்குக் கிட்டாத மருத்துவக் காப்பு இன்று நமக்குக் கிட்டியிருக்கிறது. அதனை நாம் முறையாகப் பயன்கொள்கிறோமா என்பதே கேள்வி.

வேலை, வணிகம், ஆசிரியப் பணி எனப் பல நோக்கங்களுடன் தமிழர் இன்று ஆப்பிரிக்க நாடுகளுக்குச் செல்கின்றனர். கரிசல் நிலத்து இளைஞர் ஒருவர் வாஞ்சி மணியாச்சிச் சந்திப்பில் ரயிலேறி உகாண்டாவிற்குப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். அவர் அறிய வேண்டியவை யாவை?

புறப்படுமுன்

உகாண்டாவிற்கான விசாவை இணையவழி விண்ணப்பித்துப் பெறலாம். விசாவுக்கு இணையாக இன்றியமையாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். மஞ்சள் காய்ச்சல் வேறு, நாம் அறிந்த மஞ்சள் காமாலை வேறு. முன்னது கொசுவினால் பரவும் கொடிய காய்ச்சல். அதற்கெனத் தனி மருந்து இல்லை. ஆனால் நல்ல தடுப்பூசி உண்டு. அதனைக் கண்டறிந்த மாக்ஸ் தைலர் 1951இல் நோபல் பரிசு பெற்றார்.

அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே இவ்வூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். ஊசி போட்ட 10 நாள்களுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். எனவே பயண நாளுக்கு முதல்நாள் ஓடுவதில் பயனில்லை. முன்பு 10 ஆண்டுகள் செல்லுபடியான இச்சான்றிதழ், 2016 ஜூலை முதல் வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். கருவுற்ற பெண்டிர், 60 வயதைக் கடந்தோர், முட்டை ஒவ்வாமை உடையோர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் ஆகியோர் மருத்துவரிடம் முன்னரே கலந்து பேசுதல் வேண்டும்.

சென்ற இடத்தில்

ஆப்பிரிக்கா என்றதும் கொளுத்தும் வெயிலே நம் நினைவிற்கு வரும். ஆனால் தலைநகர் கம்பாலா கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1200 மீட்டர் உயரத்தில் உள்ளது. மணியாச்சியின் சித்திரை வெயிலைத் தாங்கியவர்க்கு அந்நகரம் குளுமையாகவே தோன்றும். மார்ச் முதல் மே வரையிலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை மிகுதி. முழுக்கைச் சட்டை வெயிலுக்கும் உதவும், கொசுக்கடியையும் குறைக்கும். இராணுவச் சீருடை போன்ற புள்ளியிட்ட ஆடைகளை அணிதல் அந்நாட்டில் குற்றமாகும்.

நீரைக் கொதிக்க வைத்தே பருக வேண்டும். விக்டோரியா ஏரி கண்ணுக்கு இனியது; ஆயினும் அதில் இறங்கி நீராடலாகாது. நத்தைகளிலிருந்து வெளிப்படும் ஒட்டுண்ணி தோலின் வழியே உடலுள் புகும். வாழைக்காயை அவித்து மசித்த ‘மத்தோக்கே’ அம்மக்களின் விருப்ப உணவு. ஆங்கிலம் ஆட்சிமொழியாதலின் மொழித் தடை குறைவு. எனினும் லுகாண்டா மொழியில் நன்றி சொல்ல ‘வெபாலே’ என்னும் ஒரு சொல்லைக் கற்றுச் செல்வது நட்பை வளர்க்கும்.

அங்கு முதன்மையான பகை மலேரியா. ஆண்டு முழுவதும், நாடு முழுவதும் பரவும் அந்நோயில் பெரும்பகுதி, உயிர்க்கொல்லியான பால்சிபாரம் வகையைச் சார்ந்தது. “நம் ஊரில் காணாத மலேரியாவா?” என எண்ணுதல் பெரும்பிழை. மருந்து தோய்த்த கொசுவலைக்குள் உறங்குதலும், மருத்துவர் எழுதித் தரும் தடுப்பு மாத்திரைகளைத் தவறாது உண்ணுதலும் கடமையாகும்.

திரும்பிய பின்

ஊர் திரும்பியதும் பயணம் முடிந்தது என நினைக்கிறோம். உண்மையில் அது முடிவதில்லை. டாக்சிசைக்ளின் உண்பவர் திரும்பிய பின்னும் 4 வாரங்கள் அதனைத் தொடர வேண்டும். பால்சிபாரம் காய்ச்சல் பல வாரங்கள் கழித்தும் தோன்றக்கூடும். அவ்வேளையில் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் படுத்திருத்தல் உயிருக்கே உலை வைக்கும். சில நாள்களிலேயே நிலைமை கைமீறிப் போகலாம். அன்றே தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, “நான் உகாண்டா சென்று வந்தேன்” எனத் தாமாகவே கூறி இரத்தப் பரிசோதனை செய்தல் வேண்டும். முதற் பரிசோதனையில் கிருமி தென்படாவிடினும், காய்ச்சல் தணியாதபோது மீண்டும் சோதிக்க வேண்டும்.

இது தனி ஒருவரின் நலம் பற்றியது மட்டுமன்று. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இதுவரை பரவியதில்லை. ஆனால் அதனைப் பரப்பவல்ல ஏடிஸ் கொசு இங்கு நிறைந்துள்ளது. டெங்குவைப் பரப்புவதும் அதுவே. நீர் அரிதான நம் கரிசல் ஊர்களில் அண்டா, டிரம், சிமெண்டுத் தொட்டி எனக் கிடைத்த கலன்களிலெல்லாம் நீரைச் சேமிக்கிறோம். மூடாத அக்கலன்களே அக்கொசுவின் தொட்டில்கள். இக்காரணத்தாலேயே, அந்நோயுள்ள நாடுகளிலிருந்து சான்றிதழின்றி வருவோரை நம் அரசு 6 நாள்கள் வரை தனிமைப்படுத்துகிறது.

போலிச் சான்றிதழ் தேடுபவர் அதிகாரியை ஏமாற்றுவதில்லை. தம் தெருவில் விளையாடும் குழந்தைகளையே ஏமாற்றுகிறார். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் தடுத்த நபிமொழியின் உட்கருத்தும் இப்பொறுப்பே அன்றோ!

பொருள் ஈட்டத் தொலைநாடு செல்லும் இளைஞர்களை வாழ்த்தி அனுப்புவோம். அவர்கள் மணியாச்சிச் சந்திப்பில் மீண்டும் வந்து இறங்கும் நாளில் பொருளோடு நலத்தையும் கொண்டு வருவார்களாக. நோயை மட்டும் கொண்டு வாராதிருப்பார்களாக!