எத்தனோல் கலந்த பெற்றோலும் படகு இயந்திரங்களும்

அமெரிக்காவில் விற்பனையாகும் பெற்றோலில் பெரும்பகுதி 10 வீதம் எத்தனோல் கலந்ததாகும். சோளத்திலிருந்து பெறப்படும் இந்த மதுசாரம் இன்றைய கார்களுக்குப் பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. ஆனால், வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருப்போருக்கு அது வீண் செலவாகிவிடுகிறது. ஏன்?

எத்தனோல் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. கார் அன்றாடம் ஓடுவதால் எரிபொருள் விரைவில் தீர்ந்துவிடும். படகோ குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கரையில் கிடக்கும். காற்றுக்குழாய் வழியே ஈரம் தாங்கிக்குள் புகும். நீர் ஏறத்தாழ அரை வீதத்தைத் தாண்டினால் எத்தனோலும் நீரும் சேர்ந்து, பெற்றோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். இயந்திரம் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இக்கலவை அலுமினியப் பாகங்களையும் காபரேற்றரையும் அரிக்கும். பழைய இறப்பர் குழாய்களையும் எத்தனோல் பழுதாக்கும்.

2004இல் நியூயோர்க், கனெக்டிகட் மாநிலங்கள் எம்.ரி.பி.ஈ. எனும் சேர்மானத்தைத் தடை செய்ததும் அங்கு எத்தனோல் புகுந்தது. அப்போது சில பழைய படகுகளின் கண்ணாடியிழைத் தாங்கிகளே கரையத் தொடங்கின. 15 வீதக் கலவை 2001க்குப் பிந்திய கார்களுக்கு அனுமதிக்கப்பட்டாலும், படகுகளுக்கு அது சட்டப்படி தடையாகும். எனினும் இரண்டும் ஒரே நிலையத்தில் விற்கப்படுவதால், மலிவென்று தவறானதை நிரப்பிவிடும் ஆபத்து உண்டு.

பிரிந்த எரிபொருளை எந்த மருந்தும் மீளச் சேர்க்காது. தாங்கியை வெறுமையாக்கவே வேண்டும். எனவே நீர் பிரிக்கும் வடிகட்டி பொருத்துவதும், நீண்டகாலம் நிறுத்துமுன் எத்தனோல் கலவாத பெற்றோல் நிரப்புவதுமே இலாபம். இயந்திரத்தைத் திருத்தும் செலவோடு ஒப்பிட்டால் வடிகட்டியின் விலை அற்பமே.