ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு 'நடப்பு நிகழ்வு' நோட்ஸ்: காசை கொட்டி வாங்கணுமா, பேப்பர் படிச்சா போதுமா?

ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் மாசா மாசம் ஒரு செலவு வந்து நிற்கும். ''நடப்பு நிகழ்வு நோட்ஸ் வாங்கணும், பணம் வேணும்'' என்பதுதான் அது. இந்த மாசம் வாங்கினால் அடுத்த மாசம் புதுசு வந்துவிடும். போன மாசம் வாங்கியது பாதி கூட படிக்காமல் அலமாரியில் கிடக்கும். கொத்தனார் வேலைக்கும், மில் வேலைக்கும் போய் சம்பாதிக்கும் அப்பா, அம்மாவுக்கு அந்த நோட்சில் அப்படி என்னதான் இருக்கு, வாங்கிக் கொடுக்காவிட்டால் பிள்ளை தோற்றுப்போகுமா என்பது தெரிவதில்லை. கேட்டால் பிள்ளைக்கு கோபம் வருகிறது. வாங்காமல் விட்டால் மனசு உறுத்துகிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

9 லட்சத்தில் 1,009

மத்திய அரசு பணியாளர் தேர்வாணையம் என்கிற யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வு மூன்று கட்டமாக நடக்கிறது. முதல்நிலை, மெயின், நேர்முகத் தேர்வு. 2024-ம் ஆண்டு தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 9 லட்சத்து 92 ஆயிரத்து 599 பேர். முதல்நிலை தேர்வு எழுத வந்தவர்கள் 5 லட்சத்து 83 ஆயிரத்து 213 பேர். இதில் மெயின் தேர்வுக்கு போனவர்கள் 14 ஆயிரத்து 627 பேர் மட்டுமே. நேர்முகத் தேர்வுக்கு 2 ஆயிரத்து 845 பேர் அழைக்கப்பட்டனர். கடைசியில் தேறியது 1,009 பேர்.

முதல்நிலை தேர்வில் பொது அறிவு தாளில் 100 கேள்விகள். ஒன்றுக்கு 2 மார்க். தப்பாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் பிடித்துக்கொள்வார்கள். 2024-ல் இந்த தாளில் பொதுப்பிரிவினருக்கான கட்-ஆப் 200-க்கு 87.98 தான். அதாவது பாதி மார்க் கூட இல்லை! உலகத்தில் நடந்த அத்தனையும் தெரிந்து வைத்திருக்கவேண்டும் என்று நினைத்து 500 பக்க நோட்சை கட்டிக்கொண்டு அழுபவர்கள் இந்த கணக்கை ஒருதரம் பார்க்கவேண்டும். நூறில் பாதி கேள்வியை தெளிவாக தெரிந்து வைத்து, தெரியாததில் கை வைக்காமல் இருந்தவர்கள்தான் அடுத்த கட்டத்துக்கு போயிருக்கிறார்கள். தெளிவு இல்லாமல் நுனிப்புல் மேய்ந்தவர்களுக்கு மைனஸ் மார்க்தான்.

தலைப்பு மட்டும் போதாது

நடப்பு நிகழ்வு என்றதும் யாருக்கு என்ன விருது, எந்த நாட்டுக்கு யார் பிரதமர் என்று நினைக்கிறோம். அந்த மாதிரி கேள்வி இப்போது அபூர்வம். ஒரு உதாரணம் பார்க்கலாம்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் 2023-ம் ஆண்டு செப்டம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எல்லா பேப்பரிலும் முதல் பக்கத்தில் வந்த செய்தி. டீக்கடையில் கூட பேசினோம். 2024 முதல்நிலை தேர்வில் இதைப்பற்றி ஒரு கேள்வி வந்தது. 'பெண்களுக்கு இடஒதுக்கீடு வந்துவிட்டதா?' என்று கேட்கவில்லை. மூன்று வாக்கியம் கொடுத்து எது சரி என்று கேட்டார்கள். 18-வது லோக்சபாவில் இருந்தே அமலுக்கு வரும் என்பது ஒன்று. 15 ஆண்டுகள் நடைமுறையில் இருக்கும் என்பது இன்னொன்று. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய தொகுதிகளுக்கு உள்ளேயே அந்த வகுப்பு பெண்களுக்கு தனி ஒதுக்கீடு உண்டு என்பது மூன்றாவது.

முதல் வாக்கியம் தப்பு. ஏன்? மக்கள்தொகை கணக்கெடுப்பு நடந்து, அதை வைத்து தொகுதி மறுவரையறை செய்த பிறகுதான் இடஒதுக்கீடு என்று அந்த சட்டத்திலேயே எழுதியிருந்தது. தலைப்பை மட்டும் படித்தவன் இதில் விழுந்துவிடுவான். செய்தியை கடைசி பாரா வரை படித்தவன் தப்பித்துக்கொள்வான். அம்புட்டுதான் சூட்சுமம்.

2015-ல் புவிசார் குறியீடு பற்றி ஒரு கேள்வி. பனாரஸ் பட்டு, ராஜஸ்தான் சாப்பாட்டு அயிட்டம், திருப்பதி லட்டு மூன்றையும் போட்டு எதற்கு குறியீடு கிடைத்திருக்கிறது என்றார்கள். 2022-ல் செய்தியில் அடிபடும் ஊர்களை கொடுத்து அது எந்த நாடு என்று கேட்டார்கள். மொசாம்பிக்கில் உள்ள காபோ டெல்கடோவை ஸ்பெயின் என்றும், ஸ்பெயினில் உள்ள கேட்டலோனியாவை இத்தாலி என்றும் மாற்றிப்போட்டு குழப்பினார்கள். சுவரில் ஒரு உலக வரைபடம் ஒட்டி, பேப்பரில் படித்த ஊரை அதில் தேடிப்பார்த்தவர்களுக்கு இது அல்வா மாதிரி கேள்வி.

அம்மா போகும் வேலையே பாடம்

நம்ம வாசகர்களுக்கு நன்றாக தெரிந்த விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 100 நாள் வேலை. இதை எப்படி நோட்சாக எழுதுவது?

2005-ல் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2-ந்தேதி ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் திட்டம் தொடங்கியது. 2009-ல் மகாத்மா காந்தி பெயர் வைத்தார்கள். கூலிப்பணம் முழுவதும் மத்திய அரசு தரவேண்டும் என்பது அந்த சட்டத்தின் ஏற்பாடு. 2025 டிசம்பரில் இதற்கு பதிலாக புதிய சட்டத்தை பாராளுமன்றம் நிறைவேற்றி, ஜனாதிபதியும் ஒப்புதல் கொடுத்தார். புது சட்டத்தில் 100 நாள் 125 நாளாக ஆனது. ஆனால் செலவில் 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு என்று பெரும்பாலான மாநிலங்களுக்கு மாறியது. நடவு, அறுப்பு சமயத்தில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் தந்தது.

இவ்வளவுதான். அரை பக்கம் வரும். இதிலேயே முதல்நிலை தேர்வுக்கு தேவையான வருஷம், நாள் கணக்கு, பங்கு கணக்கு எல்லாம் இருக்கிறது. மெயினில் வேறு மாதிரி கேட்பார்கள். நாள் கூடினால் கிராமத்து குடும்பத்துக்கு என்ன லாபம், 40 பங்கு சுமை ஏறினால் மாநில கஜானா தாங்குமா, நடவு நேரத்தில் நிறுத்தினால் கூலி ஏறுமா இறங்குமா என்று 150 வார்த்தையிலோ, 250 வார்த்தையிலோ எழுதவேண்டும். இதற்கு பதில் எந்த கடை நோட்சிலும் முழுசாக கிடைக்காது. அந்த வேலைக்கு போகும் அம்மாவிடமும், அத்தையிடமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும். பட்டணத்தில் ஏ.சி. ரூமில் படிக்கும் பிள்ளைக்கு இல்லாத வசதி இது. நம்ம பிள்ளைகள்தான் அதை வசதி என்று நினைப்பதில்லை.

பழைய நோட்சில் ஆபத்து

டெல்லி பழைய ராஜேந்தர் நகரில் ஜெராக்ஸ் கடைகளில் 'ரேங்க் எடுத்தவர் நோட்ஸ்' அடுக்கி வைத்து விற்கிறார்கள். சென்னையில் கோச்சிங் சென்டர்கள் நிறைந்த அண்ணாநகர் பக்கமும் நோட்சுக்கு பஞ்சம் இல்லை. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் போன வருஷ நோட்சை பாதி விலைக்கு வாங்குகிறார்கள். சரித்திரம், பூகோளம் என்றால் பரவாயில்லை. நடப்பு நிகழ்வில் இது விஷப்பரீட்சை.

தமிழக கவர்னர் வழக்கையே பாருங்கள். சட்டசபை அனுப்பிய மசோதாக்களை கவர்னர் நிறுத்தி வைத்த விவகாரத்தில் 2025 ஏப்ரல் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டின் 2 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதவேண்டும் என்றது. கவர்னருக்கும், ஜனாதிபதிக்கும் காலக்கெடு விதித்தது. நாடே பரபரப்பானது. அந்த மாசம் வந்த எல்லா நோட்சிலும் இதுதான் முதல் பாடம். அரசியல் சட்டத்தின் 200, 201-வது பிரிவுகளை பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள்.

மே மாதம் ஜனாதிபதி 143-வது பிரிவின் கீழ் சுப்ரீம் கோர்ட்டிடம் 14 கேள்விகள் கேட்டு விளக்கம் கோரினார். நவம்பர் 20-ந்தேதி 5 நீதிபதிகள் அமர்வு கருத்து சொன்னது. கோர்ட்டு காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாக தானாக கருதவும் முடியாது என்றது. அதே நேரம் கவர்னர் காரணம் இல்லாமல் காலவரையின்றி மசோதாவை கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவிடலாம் என்றும் கூறியது.

இப்போது யோசித்து பாருங்கள். ஏப்ரல் மாத நோட்சை மட்டும் படித்துவிட்டு தேர்வு அறைக்கு போகும் பிள்ளையின் கதி என்ன? 'காலக்கெடு உண்டு' என்று நம்பிக்கையோடு டிக் அடிக்கும். அந்த நோட்சில் பொய் எதுவும் இல்லை. தேதிதான் பழசு.

ராம்சார் சதுப்பு நிலங்கள் கணக்கும் இதே கதைதான். 2024 ஆகஸ்டில் இந்தியாவில் 85. 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்து சக்கரக்கோட்டை, தேர்தங்கல் எல்லாம் சேர்ந்து 89. ஜூனில் 91. அதற்கு பிறகும் ஏறியது. மூன்று நோட்ஸ் வாங்கினால் மூன்று எண் இருக்கும்! இதனால்தான் சொந்தமாக எழுதும் நோட்டில் ஒரு பக்கத்தை எழுதி, எதிர்ப்பக்கத்தை காலியாக விடச்சொல்கிறார்கள். மாற்றம் வரும்போது பக்கத்திலேயே தேதி போட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரு ரூல்டு நோட்டு, ஒரு பேனா செலவுதான்.

இலவசமாக கிடைப்பது எது?

விலை கொடுத்து வாங்கும் நோட்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் முக்கால்வாசி அரசாங்கமே இலவசமாக வெளியிடுவதுதான். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் தினமும் செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. தமிழிலும் வருகிறது. மத்திய அரசின் வெளியீட்டு பிரிவு கொண்டுவரும் 'திட்டம்' மாத இதழ் தமிழிலேயே இருக்கிறது. பட்ஜெட், பொருளாதார ஆய்வறிக்கை இரண்டும் இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கும். பழைய கேள்வித்தாள்களை யு.பி.எஸ்.சி. தன் இணையதளத்திலேயே போட்டு வைத்திருக்கிறது. நோட்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஐந்து வருஷ கேள்வித்தாளை எடுத்து வாசித்தாலே எதை படிக்கணும், எதை விடணும் என்று பிடிபட்டுவிடும்.

பேப்பரிலும் எல்லாமே படிக்கவேண்டியது இல்லை. விபத்து, வெட்டுக்குத்து, சினிமா, கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது இதில் எல்லாம் தேர்வுக்கு ஒரு வரி தேறாது. (எங்களைப்போன்ற மாவட்ட நிருபர்கள் எழுதுவதில் பாதி இதுதான், என்ன செய்வது!) சட்டம், கோர்ட்டு தீர்ப்பு, புது திட்டம், ரிசர்வ் வங்கி அறிவிப்பு, வெளிநாட்டு ஒப்பந்தம், சுற்றுச்சூழல், விஞ்ஞானம். இதுமட்டும் பார்த்தால் ஒன்றரை மணி நேரத்தில் பேப்பர் முடிந்துவிடும்.

அப்படியானால் கடை நோட்ஸ் வேண்டவே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்லமுடியாது. வேலைக்கு போய்க்கொண்டே படிப்பவர்களுக்கு தினமும் உட்கார நேரம் இருக்காது. அவர்கள் மாசத்துக்கு ஒரே ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். நாலு இடத்தில் நாலு விதமாக வாங்கி குவிப்பதுதான் தண்டம்.

இங்கிலீஷ்தான் பெரிய சுவர்

தமிழ்வழி படித்த பிள்ளைகளுக்கு நிஜமான பிரச்சினை வேறு. மெயின் தேர்வை தமிழில் எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். ஆனால் முதல்நிலை கேள்வித்தாள் இங்கிலீஷிலும், இந்தியிலும் மட்டும்தான் இருக்கிறது. விஷயம் தெரிந்தும் கேள்வி புரியாமல் கோட்டைவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டால் நமக்கு பதில் தெரியும். ஆனால் தேர்வு அறையில் நியாயம் பேசமுடியாது.

அதனால் தமிழில் நோட்ஸ் எழுதும்போது பக்கத்திலேயே இங்கிலீஷ் வார்த்தையையும் எழுதி வைக்கவேண்டும். தொகுதி மறுவரையறை என்றால் டீலிமிட்டேஷன். அவசர சட்டம் என்றால் ஆர்டினன்ஸ். சதுப்பு நிலம் என்றால் வெட்லேண்ட். ஒரு நாளைக்கு பத்து வார்த்தை என்றாலும் வருஷத்துக்கு 3 ஆயிரத்து 650 ஆகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்த தொல்லை இல்லை. அங்கே கேள்வி தமிழிலும் வரும். மற்றபடி நடப்பு நிகழ்வு படிக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

உதவி எங்கே கிடைக்கும்?

சென்னையில் தமிழக அரசின் அகில இந்திய குடிமைப்பணி தேர்வு பயிற்சி மையம் 1966-ல் இருந்து நடக்கிறது. நுழைவுத்தேர்வு எழுதி சேரலாம். கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டமுடியாதவர்கள் முதலில் தட்டவேண்டிய கதவு இதுதான். 'நான் முதல்வன்' திட்டத்தில் தேர்வு வைத்து ஆயிரம் பேருக்கு மாதம் 7 ஆயிரத்து 500 ரூபாய் வீதம் 10 மாதம் கொடுக்கும் ஏற்பாடு 2023-ல் வந்தது. முதல்நிலையில் ஜெயித்தவர்கள் மெயினுக்கு தயாராக 25 ஆயிரம் ரூபாயும் அறிவிக்கப்பட்டது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-ல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித்தேர்வு புத்தகங்கள் இருக்கின்றன. பக்கத்து ஊர் கிளை நூலகத்தில் எத்தனை பேப்பர் வருகிறது என்பதையும் ஒருநாள் போய் பார்த்துவிட்டு வரலாம்.

தேர்வுக்கு விண்ணப்ப கட்டணம் 100 ரூபாய். பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள் அதையும் கட்டவேண்டியது இல்லை.