வாங்கும் விலையும் வளர்க்கும் விலையும்

நுழையும் முன்

நாய்க்குட்டி வேண்டும் என்று பெற்றோரிடம் கேட்காத பிள்ளைகள் குறைவு. 'விலை என்ன?' என்பதே பெரியவர்கள் முதலில் கேட்கும் வினா. குறைந்த விலைக்குக் கிடைக்கும் நாய், குறைந்த செலவில் வளருமா? எந்த இனம் எந்த வீட்டுக்குப் பொருந்தும்? இவற்றை இப்பாடத்தில் அறியலாம்.

சுமைகூலி முக்கால் பணம்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது பழமொழி. பொருளின் விலையைவிட அதனைக் கொண்டுவந்து சேர்க்கும் செலவு மிகுதி என்பது இதன் கருத்து. நாய் வாங்குவோர்க்கு இப்பழமொழி மிகவும் பொருந்தும். குட்டிக்குக் கொடுக்கும் பணம் ஒருமுறைச் செலவு. உணவு, தடுப்பூசி, மருத்துவம் ஆகியவை ஆண்டுதோறும் தொடரும் செலவுகள்.

பெரும்பாலான நாய்கள் 10 முதல் 13 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி இன்று வீட்டுக்குக் கொண்டுவரும் குட்டி, அவள் கல்லூரிப் படிப்பை முடிக்கும்போதும் அவ்வீட்டில் இருக்கும். மாதம் 1,500 ரூபாய் செலவாகும் என வைத்துக்கொண்டால் 12 ஆண்டுகளில் 2,16,000 ரூபாய் ஆகும். இலவசமாகக் கிடைத்த குட்டிக்கும் இதே கணக்குதான். ஆகவே, வளர்க்கும் விலையைக் குறைக்கும் இனத்தைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

தட்பவெப்பத்திற்கு ஏற்ற இனம்

மனிதரைப்போல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. அடிப்பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் வாயிலாகவே அது தன் உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

சைபீரியப் பனிவெளியில் சறுக்குவண்டி இழுத்த இனம் ஹஸ்கி. ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் வளர்க்கப்பட்ட இனம் செயின்ட் பெர்னார்டு. இவற்றின் அடர்ந்த மயிர் கடுங்குளிரைத் தாங்குவதற்காக அமைந்தது. கோடையில் 45 பாகை செல்சியஸை எட்டும் நாகபுரியிலும் தில்லியிலும் அம்மயிரே அவற்றுக்குத் துன்பமாகிறது. குளிரூட்டிய அறையும் அதற்கான மின்கட்டணமும் வளர்ப்பவர் தலையில் விழும். தட்டையான முகமுடைய பக் இனம் உருவில் சிறியது. ஆயினும் மூச்சுத்திணறலுக்கு எளிதில் ஆளாவதால் அதன் மருத்துவச் செலவு கூடக்கூடும்.

லாப்ரடார் அன்பாகப் பழகும். ஆனால், வளர்ந்தபின் 30 கிலோ எடையை ஒட்டி இருக்கும் அதற்கு உணவும் மிகுதியாக வேண்டும். இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வெண்ணிற நாயைப் பலர் பொமரேனியன் என்றே அழைக்கின்றனர். சிறிய வீட்டில் வாழவும் குறைந்த உணவில் வளரவும் அது ஏற்றது. மயிரை அடிக்கடி சீவிவிட வேண்டும். சிறு ஒலிக்கும் குரைக்கும்.

நாட்டு இனங்கள்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை தமிழ்நாட்டின் புகழ்பெற்ற இனங்கள். கர்நாடகத்தின் முதோல் இனமும் சிறப்புடையது. குட்டையான மயிர் கொண்ட இவ்வினங்கள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. மயிர் பேணும் செலவும் இல்லை.

எனினும், சொந்த ஊரின் இனம் என்னும் பற்று மட்டும் போதாது. இவை வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை. ஓடுவதற்கு இடமும் நாள்தோறும் பயிற்சியும் இல்லையெனில் இவை அமைதியிழக்கும். மூன்றாம் மாடிக் குடியிருப்பில் நாள் முழுவதும் கட்டிவைக்கப்படும் சிப்பிப்பாறை, சிறையில் வாழும் ஓட்ட வீரனைப் போன்றது. மேலும், வெண்ணிற இராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவியிலேயே காது கேளாதவை. பின்புறமிருந்து கைதட்டி, குட்டி திரும்புகிறதா எனப் பார்த்தபின் வாங்குதல் நன்று.

இவ்வாறாயின், சிறிய வீட்டில் குறைந்த வருவாயில் வாழும் குடும்பத்துக்கு எந்த நாய் ஏற்றது? தெருவில் பிறந்த நாட்டு நாயே பல வேளைகளில் சிறந்த விடையாகும். அதற்கு விலை இல்லை. இந்நாட்டு வெயிலும் மழையும் அதற்குப் பழகியவை. எளிய உணவிலும் நலமாக வளரும். விலங்குநலக் காப்பகங்களில் இத்தகைய குட்டிகள் நல்ல இல்லம் தேடிக் காத்திருக்கின்றன.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறை

குட்டி எட்டு வாரம் வரையிலாவது தாயுடன் இருக்க வேண்டும். அதற்குமுன் பிரிக்கப்பட்ட குட்டி எளிதில் நோயுறும். தாய் நாயையும் அது வாழும் இடத்தையும் நேரில் காண்பது நன்று. தெளிந்த கண்கள், சளியற்ற மூக்கு, துறுதுறுப்பான நடை ஆகியவை நல்ல குட்டியின் அடையாளங்கள்.

ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் தடுப்பூசிகள் தொடங்கும். மூன்று மாத வயதில் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் மருத்துவர் கூறும் ஊசிகளும் தேவை. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது. ஆதலால், மற்ற எச்செலவைக் குறைத்தாலும் தடுப்பூசிச் செலவைக் குறைத்தல் கூடாது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சோறு, முட்டை, உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே உணவு சமைத்துத் தரலாம். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சாகும்.

இடமாறுதல் வரும்போது

நடுவண் அரசுப் பணியில் உள்ளோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றனர். சுமையுந்தில் கட்டிலும் பீரோவும் ஏறும். பள்ளி மாற்றுச் சான்றிதழும் கைக்கு வரும். அவ்வேளையில் நாயைக் குடியிருப்பின் வாயிலிலேயே விட்டுச் செல்வோரும் உண்டு. பூட்டிய கதவின் முன் பல நாள் காத்திருக்கும் அந்நாய்க்கு இடமாறுதல் ஆணை என்றால் என்னவென்று தெரியாது.

நாயை உடன் அழைத்துச் செல்ல வழி இருக்கிறது. தொடர்வண்டியில் முதல் வகுப்புத் தனியறை முழுவதையும் பதிவுசெய்வோர் அதனைத் தம்முடன் கொண்டு செல்லலாம். மற்றோர் உரிய கட்டணம் செலுத்தி, காப்பாளர் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்பலாம். இதற்கும் தடுப்பூசிச் சான்று தேவை. 'அடுத்த ஊருக்கும் இதனை அழைத்துச் செல்வோமா?' என்னும் வினாவுக்கு வீட்டில் உள்ள அனைவரும் 'ஆம்' என்று கூறியபின்னரே குட்டியை வாங்க வேண்டும். அவ்வாறு கூற இயலாத குடும்பம் காத்திருத்தலே அந்தக் குட்டிக்குச் செய்யும் நன்மை.

தெரிந்து தெளிவோம்

* ஞமலி, ஞாளி என்பன நாயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள்.
* 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இராஜபாளையம், முதோல், ராம்பூர் வேட்டை நாய், இமாலய மேய்ப்பு நாய் ஆகியவை அவை.

சொற்பொருள்

கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
நடுவண் அரசு – மத்திய அரசு
சுமையுந்து – லாரி
பேணுதல் – பாதுகாத்தல்

பயிற்சி

1. 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்னும் பழமொழி நாய் வளர்ப்போர்க்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. ஹஸ்கி இனம் நாகபுரியில் வாழ்வதற்கு ஏற்றதன்று. ஏன்?
3. பிரித்து எழுதுக: இவ்வினங்கள், தட்பவெப்பம்.
4. உங்கள் வீட்டின் அளவு, ஊரின் வெயில், குடும்பத்தினரின் நேரம் ஆகியவற்றைக் கருதி, எந்த நாய் பொருந்தும் என ஐந்து தொடர்களில் எழுதுக. எதுவும் பொருந்தாது எனில் அதற்கான காரணத்தையும் எழுதுக.