எண்ணிலிருந்து இசைக்கு: 'டாக்' வாங்குமுன் சில விளக்கங்கள்

தில்லித் தமிழர் வீடுகளில் இசை கேட்கும் முறை அடியோடு மாறிவிட்டது. காசெட் போயிற்று, குறுந்தகடும் அலமாரிக்குப் போயிற்று. பாட்டு இப்போது கணினியிலும் கைப்பேசியிலும்தான். நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியும் அதற்கேற்ப மாறியிருக்கிறது: "ஏன் சார், நல்ல டாக் ஒண்ணு வாங்கிப் போட்டா அரியக்குடி பாட்டு இன்னும் தெளிவா கேக்குமாமே? முப்பதாயிரம் ஆகுங்கறான் கடைக்காரன்!" ஓய்வூதியக்காரருக்கு 30,000 ரூபாய் சின்னத் தொகையல்ல. ஆகவே இந்தக் கருவி என்ன செய்கிறது, எப்போது மாற்றலாம் என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

டாக் என்பது என்ன?

ஒலி ஓர் அலை. குறுந்தகட்டுக்காக அந்த அலையை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக, அதாவது 16 பிட் எண்ணாக எழுதி வைக்கிறார்கள். அந்த எண் வரிசையை மறுபடி மின்னலையாக்குவதுதான் டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர், சுருக்கமாக 'டாக்'. இது கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் ஏற்கெனவே இருக்கிறது. 2016இல் ஐபோனிலிருந்து ஹெட்போன் துளையை எடுத்தபோது உடன் தந்தார்களே, ஒரு குட்டி இணைப்பு ஒயர், அதற்குள்ளும் ஒரு டாக் உண்டு.

'அளவுகளுக்கு நடுவே இசை விட்டுப்போகாதா?' என்று கேட்கலாம். போகாது. ஓர் ஒலியின் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் அளந்தால் அலையை முழுதாக மீட்கலாம் என்பதை 1949இல் ஷானன் நிறுவிக் காட்டினார். நம் காதின் உச்ச வரம்பு சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதுவும் இளவயதில்தான்!

1982இல் குறுந்தகடு வந்தபோது 16 பிட் டாக் செய்வதே பெரும்பாடு. பிலிப்ஸ் நிறுவனம் 14 பிட் சில்லை வைத்துக்கொண்டு, நான்கு மடங்கு வேகத்தில் இயக்கிச் சமாளித்தது. சோனியின் முதல் கருவியில் இடது, வலது இரண்டுக்கும் ஒரே டாக். அந்நாளில் விலை கூடினால் தரமும் கூடியது நிஜம். இன்று விரல்நகம் அளவுச் சில்லே அவற்றை மிஞ்சிவிடுகிறது.

ஒப்பிடுவது எப்படி?

கடையில் கேட்கும்போது புதுக்கருவி 'பளிச்'சென்று இருப்பதன் காரணம் பெரும்பாலும் சத்தம்தான். ஒன்று 1 வோல்ட் தரும், மற்றது 2 வோல்ட் தரும். இரண்டாவது 6 டெசிபெல் உரக்கக் கேட்கும். சற்றே உரத்ததை நம் காது 'நல்லது' என்று எண்ணிவிடும். எனவே முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கும். 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் வோல்டேஜை அளந்து, இரண்டும் ஒரு சதவீதத்துக்குள் வரும்படி வையுங்கள்.

பிறகு, எது ஓடுகிறதென்று தெரியாமல் கேளுங்கள். வீட்டில் யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். தம்புராவின் நாதம் அடங்கும் இடம், மிருதங்கத்தின் சாப்பு, இவை நல்ல உரைகல். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால் வேறுபாடு இருக்கக்கூடும். குருட்டாம்போக்கில் அவ்வளவு சரியாக வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதமே. எட்டு, ஒன்பது என்றால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

அமெரிக்காவில் மேயர், மோரன் இருவர் இப்படித்தான் சோதித்தார்கள். உயர்தரத் தட்டின் ஒலியை 16 பிட் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கி, பலரைக் கேட்கச் சொன்னார்கள். 2007இல் வெளியான முடிவு: 554 முயற்சியில் 276 சரி. காசு சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

எப்போது மாற்றலாம்?

நியாயமான காரணங்கள் உண்டு. கணினியில் மௌஸை நகர்த்தினாலே 'கிர்ர்' சத்தம் வருகிறதென்றால் வெளியே ஒரு டாக் வைப்பது பலன் தரும். சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால், அது எர்த் இணைப்புச் சுழல். அதற்கு ஆப்டிகல் ஒயர் ஏற்கும் டாக் நல்லது. ஒளி வழியே போவதால் மின்தொடர்பு அறுந்துவிடும். ஹெட்போன்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கருவியின் வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 32 ஓம் என்றால் 4 ஓம்.

இவை எதுவும் இல்லையென்றால், அரியக்குடியின் பழைய 78 சுற்றுத் தட்டில் உள்ள கரகரப்பு பதிவிலேயே உள்ளது. எந்த டாக்கும் அதை நீக்காது. உள்ளதை உள்ளபடி தரும், அதுதான் அதன் தர்மம். அந்த 30,000இல் பெரும்பகுதியை ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். மொசைக் தரையும் வெறும் சுவருமான நம் ஃப்ளாட்டுகளில் எதிரொலி அதிகம். தடித்த ஜமக்காளமும் திரைச்சீலையும் போடுங்கள், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். வித்தியாசம் தெரிய மல்டிமீட்டர் வேண்டாம்; அடுத்த அறையில் இருப்பவரே "என்ன, இன்னிக்குப் பாட்டு நன்னாருக்கே?" என்பார்.