அரளி தின்னும் புழு

மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில் கீழ்வீட்டு மாமி நந்தியாவட்டை வளர்க்கிறார். தினம் பூஜைக்குப் பூ அதிலிருந்துதான். “செடி பாதி மொட்டையா நிக்கறது, மருந்து அடிக்கட்டுமா?” என்று போன ஆவணியில் கூப்பிட்டார். செடியைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தரையைப் பார்த்தேன். மிளகைவிடப் பெரிய கரும்பச்சைப் புழுக்கைகள் கிடந்தன. அதற்கு நேர் மேலே கிளையில், விரல் நீளம், விரல் பருமன், இலையின் அதே பச்சையில் புழு.

லேசாகத் தொட்டேன். தலையை உள்ளே இழுத்து மார்பை உப்பிக்கொண்டது. மடிப்பில் மறைந்திருந்த இரண்டு நீலக் கண்கள் விழித்தன. மாமி பின்வாங்கினார். அவை கண்கள் அல்ல, கருவிளிம்பிட்ட புள்ளிகள். கொத்த வரும் பறவை ஒரு நொடி தயங்கினால் போதும். வால் நுனியில் சிறு கொம்பு, அதுவும் கொட்டாது. உடம்பில் சுணையும் கிடையாது.

இதன் பெயர் டாஃப்னிஸ் நீரியை, அரளி அந்துப்பூச்சி. 1758-ல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்த ‘நீரியை’ என்ற சொல்லிலேயே அரளி இருக்கிறது. சாலை நடுவே பூக்கும் செவ்வரளி, வீட்டு நந்தியாவட்டை, நித்தியகல்யாணி மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மூன்றையும் தின்னும்.

அரளியில் ஆடுகூட வாய் வைக்காது. நம் உடலின் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பு ஒன்று ஓயாமல் ஓடுகிறது. இதயம் துடிப்பதும் நரம்பில் சேதி ஓடுவதும் அதன் தயவில்தான். அரளி நஞ்சு அந்தப் பம்பையே அடைத்துவிடும். எருக்கின் உறவுச் செடிகளைத் தின்னும் அமெரிக்க மோனார்க் வண்ணத்துப்பூச்சியிடமும் இந்தப் பம்பு உண்டு. ஆனால் நஞ்சு ஒட்ட முடியாதபடி அதன் வடிவம் மாறியிருக்கிறது.

அரளிப் புழுவும் அப்படித்தான் என்று யாரும் நினைப்போம். ஜெர்மனியின் பெட்சென்காவும் டோப்லரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு வேறு சொன்னது: இதன் பம்பு நஞ்சு பட்டால் சட்டென முடங்குகிறது! பிறகு எப்படிப் பிழைக்கிறது? சில ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் காரணத்தைக் கண்டார்கள். நரம்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறை ஒருவகை நஞ்சை உள்ளே விடுவதில்லை. ஊடுருவக்கூடிய இன்னொரு வகையைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. என்னை அசத்தியது வேறொன்று. அரளிப் பக்கமே போகாத, புகையிலை தின்னும் அமெரிக்க உறவுக்காரப் புழுவுக்கும் இந்த உறை இருக்கிறது. அரளிக்கென்று புதிதாக நெய்த கவசம் அல்ல, குடும்பச் சொத்து.

மாமி மருந்து அடிக்கவில்லை. நாலாம் நாள் புழு பழுப்பாகி, இறங்கி, தொட்டியின் சருகுக்குள் போயிற்று. பச்சை தின்னும்வரை பச்சை, மண்ணுக்கு இறங்கும்போது மண் நிறம்.

இரண்டு வாரம் கழித்து, விளக்கு வைக்கும் நேரம். தொட்டி விளிம்பில் உள்ளங்கை அகலப் பூச்சி. பாசிப்பச்சையில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் இழையோடிய இறக்கை. குளிரில் நடுங்குவதுபோல் இறக்கைகள் அதிர்ந்தன. பறக்கும் தசை சூடேறினால்தான் இந்தப் பெருத்த உடல் எழும்பும். அதற்காகத் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. சென்னைப் புழுக்கத்தில் அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“ஹம்மிங் பேர்டாட்டம் இருக்கே!” என்றார் மாமி. பூ முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் உறிஞ்சும் இனம்தான் இது. தண்ணீர்த்தொட்டியை ஒருமுறை சுற்றிவிட்டு, எதிர்வீட்டுப் பவழமல்லி இருக்கும் பக்கம் பறந்தது.