அப்பா குடிச்ச பேரியம்

"கரைதிறன், சமநிலை எல்லாம் பிளஸ் ஒன் பரீட்சையோட முடிஞ்சுபோச்சே, அதைப் பத்தி ஏன் ஒரு எபிசோடு?"ன்னு கேக்கறவங்களுக்கு, நான் ஒரு ஸ்கேன் சென்டர்ல உக்காந்து பயந்த கதையைச் சொல்றேன்.

அப்பாவுக்கு சாப்பாடு முழுங்கும்போது நெஞ்சுல அடைச்சுது. டாக்டர் பேரியம் எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். சுண்ணாம்பு கரைச்ச மாதிரி ஒரு டம்ளர் வெள்ளைத் திரவம் குடுத்தாங்க. அப்பா பாதி குடிச்சதும் நான் போன்ல தேடினேன். 'பேரியம் விஷம்'னு வந்தது. பழைய காலத்துல எலிக்கு வைக்கிற மருந்தே பேரியம் கார்பனேட்தானாம். கை நடுங்கிப்போச்சு.

அது பொய்யில்லை. பேரியம் அயனி ரத்தத்துல கலந்தா, பொட்டாசியம் அளவு சரியும், தசை தளரும், இதயத் துடிப்பு தப்பும். ஆனா அப்பா குடிச்சது பேரியம் சல்பேட். வித்தியாசம் அந்தப் பின்பாதிப் பேர்லதான்.

'கரையாத உப்பு'ன்னு பாடத்துல படிச்சிருப்போம். உண்மையில் எதுவுமே முழுக்கக் கரையாமல் இருப்பதில்லை. பேரியம் சல்பேட்டும் லிட்டருக்குச் சுமார் 2.5 மில்லிகிராம் கரையும். அதுக்கப்புறம் கரையறது நின்னுடுதுன்னு நினைச்சா தப்பு. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு தி.நகர் ஜவுளிக்கடை வாசலை நினைச்சுப் பாருங்க. உள்ளே போறவங்களும் வெளியே வர்றவங்களும் ஒரே வேகத்தில் இருந்தால், உள்ளே இருக்கும் கூட்டம் மாறாது. ஆனா யாரும் சும்மா நிக்கலை. படிகத்திலிருந்து அயனிகள் கிளம்பிக்கிட்டும் திரும்பி ஒட்டிக்கிட்டும் இருக்கும். இதுதான் சமநிலை. அப்போது கரைசலில் உள்ள பேரியம், சல்பேட் இரண்டின் செறிவையும் பெருக்கினால் வருவது கரைதிறன் பெருக்கம்: 25 டிகிரியில் சுமார் 1.1 × 10⁻¹⁰. அவ்வளவு குட்டி எண்.

சரி, பேரியம் கார்பனேட்? அதுவும் தண்ணியில் லிட்டருக்கு 20 சொச்சம் மில்லிகிராம்தான் கரையும். பார்க்க அதுவும் வெள்ளைப் பொடிதான். ஆனா வயித்துல இருக்கறது வெறும் தண்ணி இல்லையே, ஹைட்ரோகுளோரிக் அமிலம். கார்பனேட் அயனி வெளியே வந்ததும் அமிலம் அதைப் பிடிச்சு கார்பன் டை ஆக்ஸைடா மாத்திடும், அது ஏப்பமாப் போயிடும். கடையிலிருந்து வெளியே வந்தவங்க எல்லாம் பஸ் ஏறிட்டா, திரும்பி உள்ளே போக ஆள் ஏது? படிகம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும், பேரியம் உடம்புக்குள்ள போயிடும். சல்பேட்டை அமிலம் அப்படி இழுக்காது. அது கந்தக அமிலம்ங்கிற வலுவான அமிலத்தோட பிள்ளை. வயித்து அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியை அவ்வளவா ஒட்ட விடாது.

2003-ல் பிரேசில்ல இந்த வித்தியாசம் உயிர்களை வாங்கிச்சு. எக்ஸ்ரேக்கான பேரியம் சல்பேட் மருந்தில் கார்பனேட் கலந்திருந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சுவாரசியம் என்னன்னா, பேரியம் விஷத்துக்கு மருந்தும் இதே கணக்குதான். சோடியம் சல்பேட்டோ மெக்னீசியம் சல்பேட்டோ குடிக்கக் கொடுப்பார்கள். சல்பேட் கூடினா அந்தப் பெருக்கம் தாண்டிடும். உடனே குடலில் இருக்கும் பேரியம் சல்பேட்டாகி வீழ்படிவாயிடும். பாடத்துல 'பொது அயனி விளைவு'ன்னு மனப்பாடம் பண்ணோமே, அதோட நெருங்கின சொந்தம்.

அப்பாவோட ரிப்போர்ட்ல பெரிசா ஒண்ணும் இல்லை. "ரெண்டு நாளைக்கு நிறையத் தண்ணி குடிங்க, இல்லன்னா உள்ளேயே இறுகிடும்"னு சொல்லி அனுப்பினாங்க. கரையாததாச்சே. அப்பா அந்த ரெண்டு நாளும் காபியைத்தான் தண்ணிக் கணக்குல சேத்தார்.