காவிரிப் படுகை வழக்கில் பதரும் கருக்காயும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் உழவர் வழக்கில், மணி முற்றாத நெல்லைக் குறிக்கப் 'பதர்', 'கருக்காய்' என்னும் சொற்கள் வழங்குகின்றன. மேலோட்டமாக நோக்கின் இவை ஒருபொருட் சொற்களாகத் தோன்றும். களத்தில் இவை வேறு வேறானவை.

பதர் என்பது மணியே பிடிக்காத உமிக்கூடு. புறத்தோற்றத்தில் நெல்லை ஒத்திருப்பினும், விரலால் அழுத்தத் தட்டையாகும். தூற்றுங்கால் காற்றோடு விலகிச் செல்லும். இதன் இணைவடிவமாகிய 'பதடி' திருக்குறளின் பயனில சொல்லாமை அதிகாரத்தில் மனிதனுக்கு உவமையாதற்கு, வடிவிருந்தும் உள்ளீடின்மையே அடிப்படை.

கருக்காய் என்பது பால் பிடித்தபின் முற்றாது நின்ற அரைமணி. உள்ளே மெலிந்த அரிசி உண்டு. ஓரளவு எடை இருத்தலின், தூற்றும்போது பதரைப் போல நெடுந்தொலைவு செல்லாது, நெற்குவியலின் ஓரத்திலேயே விழும்.

இவ்வேறுபாடு விலையையும் தொடுகிறது. நேரடி நெல் கொள்முதலுக்கான நடுவண் அரசின் தர வரையறை, பதரை வைக்கோல், களைவிதை ஆகியவற்றோடு சேர்த்துப் பிறபொருளாகக் கொண்டு 1 விழுக்காடு வரையே ஏற்கிறது. முற்றாத, சுருங்கிய மணிகளை 3 விழுக்காடு வரை ஏற்கிறது. அதாவது கருக்காய் குறையுடைய நெல். பதர் நெல்லே அன்று. கருக்காயையும் பதரெனக் குறித்தால், உழவர்க்குரிய சலுகை சுருங்கும்.

எனவே வட்டாரச் சொல் தொகுப்போர், இச்சொற்களுக்கு ஒன்றை மற்றொன்றின் பொருளாகத் தருதல் போதாது; தோற்றம், எடை, முதிர்ச்சிநிலை ஆகிய மூன்றையும் பதிவு செய்தல் வேண்டும்.